யார் மனிதர்? அரட்டை அறை வாசலில் ஒரு கேள்வியின் வரலாறு

கேப்ட்சா என்றதும் தேர்வு விண்ணப்பமும் ரயில் முன்பதிவுமே நம் நினைவுக்கு வருகின்றன. நெளிந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் உள்ளே செல்லலாம் என்ற இவ்வேற்பாடு உருப்பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், இணைய அரட்டை அறைகளில் விளம்பரம் வீசிய தானியங்கி நிரல்கள். குழு உரையாடலுக்குள் எரிதம் நுழையாமல் தடுக்க எடுத்த முயற்சி, ‘யார் மனிதர்?’ என்ற கேள்விக்கு ஒரு குறிப்பிட்ட விடையை எழுதிவைத்த வரலாறாகவும் இருக்கிறது. அதையே இங்குச் சுருக்கமாகப் பார்க்கிறேன்.

1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் ஐஆர்சி என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். அங்கு ஒவ்வோர் அறைக்கும் பொறுப்பாளர் இருப்பார். தொல்லை தருபவரை அவர் வெளியேற்றலாம். மீண்டும் வராமல் தடை செய்யலாம். அழைக்கப்பட்டவர் மட்டுமே நுழையலாம் என அறையை மூடியும் வைக்கலாம். தானியங்கி நிரலும் அங்குப் பகையாக மட்டும் கருதப்படவில்லை. 1993இல் தோன்றிய எக்டிராப் என்னும் நிரல் அறையைக் காப்பதற்கே எழுதப்பட்டது. வருபவர் மனிதரா என்பதைவிட, அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அந்த அமைப்பின் கேள்வியாக இருந்தது.

பெருநிறுவனங்களின் இலவச அரட்டை அறைகள் இந்நிலையை மாற்றின. கணக்குத் தொடங்கச் செலவில்லை. ஆகவே ஒரே நிரல் பல பெயர்களில் நுழைந்து விளம்பரத் தளங்களுக்கு ஆள் பிடித்தது. 2000 செப்டம்பரில் யாஹூவின் ஊடி மான்பர் இச்சிக்கலைக் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் எடுத்துரைத்தார். மானுவல் பிளம், லூயி வான் ஆன் முதலியோர் ‘கிம்பி’ என்னும் சோதனையை உருவாக்கினர். அதன் எளிய வடிவம் யாஹூவில் இடம்பெற்றது. இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1996இலேயே மோனி நவோர் இக்கருத்தை எழுதியிருந்தார். அல்டாவிஸ்டா தேடுபொறிக்காக 1997இல் இத்தகைய தடுப்பை அமைத்த குழுவில், சென்னை ஐஐடியில் பயின்ற கிருஷ்ண பரத்தும் இருந்தார்.

1950இல் ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையில் நடுவர் மனிதர். கேப்ட்சாவில் நடுவர் கணினி. அந்நடுவர் எதைக் கேட்டது என்பதை மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். சிதைந்த ரோமன் எழுத்தில் அமைந்த ஆங்கிலச் சொல்லைப் படிப்பதே மனிதத் தன்மைக்குச் சான்றாயிற்று. பார்வையற்றோரும் ரோமன் எழுத்தறியாதோரும் அத்தேர்வில் தோற்றனர். பேச்சு மனித இனத்தின் பொது இயல்பு. எழுத்தறிவோ கற்பித்தால் மட்டுமே வாய்ப்பது. மொழியியலின் இந்த முதற்பாடத்தைச் சோதனை கருத்தில் கொள்ளவில்லை.

காவலும் நெடுநாள் நிற்கவில்லை. 2003இல் பெர்க்லியின் கிரெக் மோரி, ஜிதேந்திர மாலிக் இருவரும் எளிய கிம்பியின் புதிர்களில் 92 விழுக்காட்டைக் கணினியால் அவிழ்த்துக் காட்டினர். சொற்கள் ஒரு சிறு பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டமை அதற்குத் துணையாயிற்று. எரிதம் பரப்புவோர் வேறொரு வழியும் கண்டனர்: புதிர் அவிழ்க்க மனிதர்களையே கூலிக்கு அமர்த்தினர். 2010இல் சான் டியாகோ ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆயிரம் புதிர்களுக்கு ஒரு டாலர் என்ற அளவுக்கு விலை இறங்கியிருந்தது. அத்தொழிலாளர் எம்மொழியினர் என அறிய அவர்கள் பல மொழிகளில் புதிர் அமைத்து அனுப்பினர். அவற்றுள் தமிழும் ஒன்று. 2014இல் கூகுள், மிகக் கடினமான எழுத்துப் புதிரையும் தன் நிரல் 99.8 விழுக்காடு துல்லியத்துடன் படிப்பதாக அறிவித்தது.

கூலிக்குப் புதிர் அவிழ்த்தவர் மனிதரே. சோதனை அவரைச் சரியாகவே மனிதர் என்று சொன்னது. ஆயினும் உள்ளே நுழைந்தது எரிதம். ‘மனிதரா?’ என்பதும் ‘எதற்கு வந்தார்?’ என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று நம் ஆய்வு மாணவர் குழுக்களில் புதியவரைச் சேர்க்கும் முன் நிர்வாகி ஒரு வரி கேட்கிறார்: எந்தத் துறை, யார் சொல்லி வந்தீர்கள்? ஐஆர்சி பொறுப்பாளரின் வேலைக்கே திரும்பியிருக்கிறோம். அது ஊதியமில்லாத வேலை. அறிமுகம் இல்லாதவரை வெளியே நிறுத்தும் ஆபத்தும் அதில் உண்டு. எனினும், அக்கேள்விக்குத் தமிழிலேயே விடை சொல்லலாம்.