ஊன்றியவரும் பெயர் பெற்றவரும்

ஒரு கனிக்குப் பெயராகும் உரிமை விதைத்தவருக்கா, மரத்தை உடையவருக்கா? இங்கிலாந்தின் பிராம்லி ஆப்பிளை எண்ணுந்தோறும் நமக்கு இவ்வினா எழுகிறது.

1809-ஆம் ஆண்டு, நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் என்னும் ஊரில், மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் இளம்பெண் ஆப்பிள் விதைகள் சிலவற்றை ஊன்றினார். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. 1846-இல் அவ்வீட்டை மேத்யூ பிராம்லி என்னும் இறைச்சி வணிகர் வாங்கினார். 1856-இல், ஹென்றி மெரிவெதர் என்னும் 17 வயது நாற்றுப்பண்ணை இளைஞர் அம்மரத்தின் ஒட்டுக்குச்சிகளைக் கேட்டார். பிராம்லி இசைந்தார், கனி தம் பெயரால் வழங்கவேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை.

கனி பெரியது, பச்சை நிறத்தது, பல் கூசும் புளிப்புடையது. மாலிக் அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. வெந்தால் சதை நுரைபோல் குழையும், புளிப்போ குன்றாது. ஆகவே அது சமையலுக்குரிய ஆப்பிள் எனப் புகழ்பெற்றது.

ஆப்பிள் விதை தாய்மரத்தை அப்படியே ஈனுவதில்லை. ஆதலால் இன்றுள்ள பிராம்லி மரங்கள் யாவும் மேரி ஆன் ஊன்றிய ஒரே மரத்தின் தொடர்ச்சியே. 1900-ஆம் ஆண்டையொட்டிப் புயலில் சாய்ந்த அத்தாய்மரம் மீண்டும் வேரூன்றித் தழைத்தது. பின்னாளில் பூஞ்சை நோய்க்கு ஆட்பட்டது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பின் வழி அதன் படிகளை உருவாக்கினர்.

பெயர் தெரியாத சங்கப் புலவர் சிலருக்கு அவர்தம் பாட்டின் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார் அவ்வாறு நிலைபெற்றவர். இங்கோ, ஊன்றியவர் பெயர் தெரிந்திருந்தும், விலைக்கு வாங்கியவர் பெயரே கனியில் நின்றது. மேரி ஆனை நினைவுகூர நமக்கு எஞ்சியிருப்பது அப்புளிப்பு ஒன்றே.