ஏடிஹெச்டி: திருநெல்வேலி வட்டாரத்தில் சிகிச்சையாளரைத் தேடுதல்

ஏடிஹெச்டி எனச் சுருக்கமாக வழங்கும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. வளர்ப்புக் குறையால் வருவதில்லை. பெருமளவு மரபுவழி வருவது. தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் பாயும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இதற்கு உதவி தேடும் குடும்பம், பெரும்பாலும் பள்ளியிலிருந்து வரும் புகாரில்தான் தேடலைத் தொடங்குகிறது. "சேட்டை தாங்கல", "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கான்" என்ற பேச்சு எழும் பையனுக்கு விரைவில் கவனிப்பு கிடைத்துவிடுகிறது. கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண்பிள்ளைக்கும் இதே கோளாறு இருக்கலாம். தொந்தரவு தராததால் அவள் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலாவது தென்பட வேண்டும். ஆகவே தாய் சொல்வது பாதிதான். மறுபாதி வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. முறையாகப் பரிசோதிப்பவர் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என இரண்டு வினாத்தாள் தருவார். காது, கண், தூக்கம் மூன்றையும் விசாரிப்பார். காது மந்தமான குழந்தையும், மூக்குச்சதை வளர்ந்து இரவில் சரியாகத் தூங்காத குழந்தையும் கவனம் சிதறுவதாகத் தோன்றக்கூடும். பழைய மதிப்பெண் அட்டைகளையும், பாதியில் நின்ற வீட்டுப்பாட நோட்டுகளையும் கையோடு கொண்டுபோவது மிகவும் உதவும். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டி அனுப்பும் இடத்தைவிட இரண்டு மூன்று தடவை வரச்சொல்லும் இடமே நம்பத்தக்கது.

அரசுத் துறையில் முதல் வாசல், 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. பாளையங்கோட்டையில் உள்ள இது ஊர் வழக்கில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ தொடங்கலாம். 2013-இல் நாடு முழுவதும் வந்த சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் சென்று பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைப் பார்க்கின்றன. அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு. குழு கண்டறியும் குழந்தையை மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவது நடைமுறை. குழு பள்ளிக்கு வரும் நாளில் தலைமையாசிரியரிடம் சொல்லிவைப்பது பெற்றோரின் கையில் உள்ள எளிய வழி.

இந்த உதவியை ஒரே ஆள் தருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர் அல்லது குழந்தைநல மருத்துவர். சோதனைகள் செய்து நடத்தைப் பயிற்சி தருபவர் மருத்துவ உளவியலாளர். செயல்முறை சிகிச்சையாளர் அன்றாட வேலைகளிலும், சிறப்பாசிரியர் படிப்பிலும் துணைநிற்பார்கள். மருத்துவ உளவியலாளரும் சிறப்பாசிரியரும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் 'கவுன்சிலிங்' என்று இருப்பது மட்டும் போதாது. பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். தகுதியுள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிகிச்சையின் முக்கியப் பகுதி பெற்றோருக்கான பயிற்சி. பள்ளிக்கூடம் போகும் வயது வராத குழந்தைக்கு மருந்துக்கு முன் இதையே தொடங்கச் சொல்கின்றன மேலைநாட்டு வழிகாட்டுதல்கள். "பையை வச்சுட்டு, கை கால் கழுவிட்டு, நோட்டை எடு" என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லாமல், அருகில் போய், முகம் பார்த்து, ஒன்றை மட்டும் சொல்லி, அது முடிந்ததும் உடனே பாராட்டி, பிறகு அடுத்ததைச் சொல்லத் தாய் பழக வேண்டும். வீட்டுப்பாடம் சிறு சிறு துண்டாகும். முடித்த துண்டுக்கு ஒரு நட்சத்திரம், சேர்ந்த நட்சத்திரங்களுக்குப் பிள்ளை விரும்பிய விளையாட்டு. வாரம் ஒருநாள் குழந்தையை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே காத்திருக்கும் பெற்றோரிடம் எதுவும் சொல்லாமல் அனுப்பும் இடம் இந்தக் கோளாறுக்குப் பொருந்தாது. தூரத்தையும் பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு சுமார் 35 கிலோமீட்டர்; செங்கோட்டை ரயிலிலோ பஸ்ஸிலோ ஒருநாள் கூலியை விட்டுத்தான் வரவேண்டும். விடாமல் தொடர முடிகிற தூரத்தில், ஆசிரியரிடமும் பேசத் தயாராக உள்ளவரே, தொலைவில் உள்ள பெரும்புள்ளியைவிட மேல்.

மருந்து பற்றிய அச்சம் இங்கே அதிகம். 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாகக் கண்காணித்துத் தரும் மருந்து, நடத்தைப் பயிற்சியை விட நன்கு வேலை செய்ததைக் காட்டியது. இந்தக் கோளாறுக்குப் பரவலாகப் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட், இந்தியாவில் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து. இரண்டு பிரதிச் சீட்டு வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும். 2020-இன் தொலைமருத்துவ விதிப்படி வீடியோ ஆலோசனையில் இதை எழுத முடியாது. பெற்றோர் பயிற்சியை சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவரிடம் வீடியோவில் பெறலாம். இந்த மருந்துக்கு மட்டும் மருத்துவரை நேரில் பார்த்தாக வேண்டும்.

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கு உதவுவதில் இந்த மண்ணுக்கு நெடிய முன்மாதிரி உண்டு. பாளையங்கோட்டையில் 1890-இல் பார்வையற்றோர் பள்ளியும், 1897-இல் காதுகேளாதோர் பள்ளியும் தோன்றின. சிற்றாறு வட்டாரத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம், வளர்ச்சி தாமதமுள்ள குழந்தைகளுக்குக் களப்பணியாளரை வீட்டுக்கே அனுப்பித் தாய்க்குப் பயிற்சி தருகிறது. அது ஏடிஹெச்டிக்கென்று அமைந்த பணி அன்று. ஆனால் கிராமத்துக் குடும்பத்துக்கு ஏற்ற முறை அதுவே என்பது தெளிவு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியே இடம்பெறவில்லை. கற்றல் குறைபாடு உடனிருந்து சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கோரலாம். அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்வது நல்லது. அரசுப் பள்ளி மாணவருக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். குழந்தையின் வினாத்தாளை நிரப்பும்போது "நானும் இப்படித்தாம்ல இருந்தேன்" என்று சொல்லும் தகப்பன் தனக்கும் பரிசோதனை கேட்கலாம். பெரியவர்களுக்கும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில்தான் சிகிச்சை.