கூரை வரை பனி

வண்டிகளில் கலிபோர்னியாவுக்குக் குடியேறப் புறப்பட்ட டோனர் கூட்டத்தாரை, சியரா நெவாடா மலையடிவாரத்தில் சென்ற வாரம் விட்டுவந்தோம். 1846 அக்டோபர் கடைசி. லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் சொன்ன குறுக்கு வழியை நம்பி, வசாட்ச் மலையில் மரம் வெட்டிப் பாதை போட்டும், உப்புப் பாலைவனத்தில் மாடுகளைப் பறிகொடுத்தும் வாரக்கணக்கில் நாளைத் தொலைத்திருந்தார்கள். இனி ஒரே ஒரு கணவாய்தான் பாக்கி. சுமார் 7,000 அடி உயரம்.

பனி முந்திக்கொண்டது. பசிபிக் கடலின் ஈரக்காற்று சியராவில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடும். அந்த ஆண்டு புயலுக்குமேல் புயல். வண்டி நகரவில்லை, பாதையும் மறைந்துபோனது. திரும்பி வந்து, கணவாய்க்குக் கீழே இருந்த ஓர் ஏரிக்கரையில் மரக்குடில்களில் ஒடுங்கினார்கள். பின்தங்கிய ஜார்ஜ் டோனர் குடும்பம் சில மைல் தள்ளி, ஆல்டர் ஓடையோரம் கூடாரத்தில்.

டோனர் என்றாலே மனித மாமிசம் தின்ற கதைதான் பலருக்கும் நினைவு வரும். நடந்ததுதான். ஆனால் கூட்டத்தில் ஒருவரான பாட்ரிக் பிரீன் நவம்பர் 20 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், நாள் தவறாமல் வானிலை: காற்று எந்தப் பக்கம், பனி விட்டதா, மறுபடி பிடித்துக்கொண்டதா. அயர்லாந்தில் பிறந்த விவசாயி அல்லவா, கண் வானத்தை விட்டு இறங்கவில்லை.

செத்த மாடுகளும் பனிக்கடியில் போயின. கழியால் குத்திக் குத்தித் தேடினார்கள். கடைசியில் கூரையில் போர்த்திய மாட்டுத்தோலையே இறக்கி, மயிரைப் பொசுக்கி வேகவைத்தார்கள். வெந்தால் பசைபோல ஆகும். அதுதான் சாப்பாடு.

டிசம்பர் 16-இல் 17 பேர், தோல்வாரால் பின்னிய பனிக்காலணியோடு கணவாய் ஏறினார்கள். இருவர் திரும்பிவிட்டனர். மற்ற 15 பேரில் 33 நாள் கழித்து மறுபுறம் சேர்ந்தவர்கள் ஏழு பேர். போன ஐந்து பெண்களும் அதில் அடக்கம். முன்பு உணவு கொண்டுவந்து உதவிய லூயிஸ், சால்வடோர் என்ற பூர்வகுடி இளைஞர் இருவரை வழியில் சுட்டுத் தின்றார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் தொண்டையில் நிற்கிறது.

1847 பிப்ரவரி 18-இல் மீட்புக் குழு ஏரிக்கரைக்கு வந்தபோது குடில் எதுவும் கண்ணில் படவில்லை. குரல் கொடுத்த பிறகுதான் பனிக்குள்ளிருந்து தலைகள் எழுந்தன. கடைசி ஆளை மீட்க ஏப்ரல் ஆயிற்று. 87 பேரில் ஏறத்தாழ 40 பேர் இறந்திருந்தார்கள். பிரீன் வீட்டு ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

பனி கரைந்த பின் அங்கே உயர உயரமான மொட்டை அடிமரங்கள் நின்றன. விறகுக்காக, பனிமேல் நின்றபடி வெட்டியவை. இன்று அங்கிருக்கும் நினைவுச் சின்னத்தின் பீடம் 22 அடி. பனி எவ்வளவு உயரம் என்று காட்டவே அந்த அளவு.

இதே மலையில் 1952 ஜனவரியில் 200 பேருக்குமேல் ஏற்றிவந்த ரயில் ஒன்று மூன்று நாள் சிக்கிக்கொண்டது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)