சத்தியவேட்டின் பழைய காற்று

எங்கள் ஊர் சத்தியவேடு. "அது ஆந்திரா ஆச்சே, நீங்க எப்படி தமிழ்?" என்று இங்கே தமிழ்ச் சங்கத்தில் கேட்காத ஆளில்லை. 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது நாங்கள் ஆந்திராவுக்குப் போனோம். சித்தூர் மாவட்டமாக இருந்து 2022-ல் திருப்பதி மாவட்டமானோம். இனி சொல்லப்போவது இந்தக் கோடுகளே இல்லாத காலத்துக் கதை.

ஊருக்குத் தெற்கே, நேர்கோட்டில் பார்த்தால் 25 கிலோமீட்டருக்குள், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்பாடு சாந்தி பப்புவின் குழு அங்கே அகழாய்வு செய்து, மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தது. 2018-ல் இன்னொரு செய்தி. பெரிய கைக்கோடரியை விட்டு, கல்லைத் திட்டமிட்டுத் தட்டிச் சிறு சில்லுகளைப் பெயர்க்கும் முறைக்கு அங்கிருந்தவர்கள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மாறிவிட்டார்களாம்.

அந்த மனிதர்களின் எலும்பு ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் சுவாசித்த காற்று கிடைத்திருக்கிறது, அண்டார்க்டிகாவில்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரியமில வாயு ஓரிரு வருடத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். தென் துருவத்தில் இருப்பதற்கும் எங்கள் ஊரில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இராது. அங்கே விழும் பனி உருகாமல் வருடக்கணக்கில் அடுக்கடுக்காகப் படிகிறது. ஐம்பது, நூறு மீட்டர் ஆழம் போனதும் இடுக்குகள் மூடிக்கொண்டு, உள்ளிருந்த காற்று குமிழாகச் சிறைப்படுகிறது. (அதனால் குமிழின் வயது, சுற்றியுள்ள பனியின் வயதைவிடக் குறைவு. வறண்ட இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டு வித்தியாசம் வரும்.)

1965-ல் குளோட் லோரியஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே ஒரு மாலை, துளையிட்டெடுத்த பழைய பனியை விஸ்கியில் போட்டார். குமிழ்கள் வெடித்து வெளிவருவதைப் பார்த்ததும்தான் அவருக்குப் பொறி தட்டியது. நம் ஆட்களும் எத்தனையோ மாலை பனிக்கட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன பிரயோஜனம்!

ஆனால் அளக்கும்போது உருக்கக் கூடாது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். உறைந்த நிலையிலேயே, காற்றில்லாத கலத்தில் வைத்து நொறுக்கி வாயுவைப் பிரிக்கிறார்கள். இதை நம்பலாமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. லா டோம் என்ற இடத்தில் பனி வேகமாகச் சேர்வதால் சமீப காலத்துக் குமிழ்களும் கிடைக்கின்றன. அவற்றின் அளவு, 1958 முதல் நேரடியாகக் காற்றில் அளந்த கணக்கோடு ஒத்துப்போகிறது. சந்தேகம் தீர்ந்தது.

வோஸ்டாக்கில் 1998-ல் 3,623 மீட்டர் வரை துளைத்தார்கள். நாலு லட்சம் ஆண்டுக்கும் மேலான காற்று, அதாவது அத்திரம்பாக்கத்தின் சில்லுக் காலமும் அதில் அடக்கம். 2008-ல் ஐரோப்பியர்களின் டோம் சி பனி 8 லட்சத்துக்குப் போனது. அவ்வளவு காலமும் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 170-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. மீத்தேனும் அந்தக் குமிழில் உண்டு. பருவமழை வலுத்து வெப்பமண்டலச் சதுப்புகள் பெருகினால் அது கூடும். ஆக நம் பக்கத்து மழையின் தடமும் ஓரளவு அங்கே பதிந்திருக்கிறது. அதன் பழைய உச்சம் நூறு கோடியில் 800-ஐத் தொடவில்லை. இப்போது 1,900-ஐத் தாண்டிவிட்டது.

கல் தட்டியவர் பனியுகத்தின் குளிரையும் பார்த்திருப்பார், அது விலகிய வெம்மையையும் பார்த்திருப்பார். 300-ஐத் தாண்டிய காற்றை மட்டும் அவர் அறியமாட்டார். இன்று ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் எங்கள் ஊர்ப் பையன் இழுக்கும் மூச்சில் 420-க்கு மேல். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு தாத்தாவின் ஆயுளுக்குள் நடந்தது.

15 லட்சம் ஆண்டுப் பழைய கைக்கோடரிக்காரரின் காற்று? 2025 ஜனவரியில் லிட்டில் டோம் சி-யில் 2,800 மீட்டர் துளைத்து, 12 லட்சம் ஆண்டுக்கும் மேற்பட்ட பனியை எடுத்திருக்கிறார்கள். ஆலன் ஹில்ஸில் அதைவிடப் பழைய துண்டுகள் உண்டு, ஆனால் வரிசை கலைந்தவை. அறுபடாத வரிசையில் அவர் காலத்துக் காற்று இன்னும் கைக்கு வரவில்லை.