கடைசி பஸ் போன பிறகு

1988-இல் நான் ஜூனியராகச் சேர்ந்த சில மாதங்களில், என் சீனியர் ஒரு மொய் நோட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்ட கோடு போட்ட நோட்டு. நாங்கள் எதிரி தரப்பு. பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தவள் 17 வயதுப் பெண். சம்பவ இரவில் எங்கள் கட்சிக்காரர் 12 மைல் தள்ளி ஒரு கல்யாண வீட்டில் இருந்தார் என்பது வாதம். நோட்டில் அவர் பெயர், ஊர், 51 ரூபாய்.

எத்தனை மணிக்கு நடந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது அவள் சொன்னாள்: "கடைசி பஸ் போன பிறகு." அந்த வீட்டில் கடிகாரம் கிடையாது. சீனியர் பஸ் அட்டவணையைக் காட்டி அதை 9.10 என்று எழுதவைத்தார். 9.10-க்குத்தான் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து மொய் எழுதினார்களாம்.

எதிரி விடுதலையானார். தீர்ப்பை நான்தான் நகல் எடுத்தேன். வேறிடத்தில் இருந்தார் என்ற அலிபி நிரூபணமாயிற்று என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவள் சாட்சியத்துக்குத் துணைச்சான்று இல்லை, உடம்பில் காயம் இல்லை, ஆகவே சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. அவ்வளவுதான்.

இந்தத் துணைச்சான்று எங்கிருந்து வந்தது என்று அன்று இரவே சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனையே இல்லை. ஒரு சங்கதியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கணக்கில்லை என்றது 134-ஆவது பிரிவு. வேறிடத்தில் இருந்தேன் என்பவன்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 103-ஆவது பிரிவின் எடுத்துக்காட்டு சொன்னது. 11-ஆவது பிரிவில் அலிபிக்கு ஓர் உதாரணமும் இருந்தது: குற்றம் நடந்தது கல்கத்தாவில், அன்று அவன் இருந்தது லாகூரில். புத்தகத்தின்படி பார்த்தால் பாரம் மொய் நோட்டின் மேல்தான் இருந்தது.

அதை அவள் மேல் ஏற்றியது வழக்கம். 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நீதிபதி மாத்யூ ஹேல், இந்தக் குற்றச்சாட்டு சுமத்த எளிது, மறுக்கக் கடினம் என்று எழுதிவைத்தார். அந்த எச்சரிக்கை ஜூரிகளுக்குச் சொல்லிச் சொல்லியே விதி போல ஆயிற்று. குற்றத்தில் கூட்டாளியாக இருந்தவனின் சாட்சியத்துக்கு வேண்டிய முன்னெச்சரிக்கையை நம் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவளுக்கும் பொருத்தின. இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் எந்தக் குற்றத்தில் கூட்டாளி? போதாததற்கு, அவள் நடத்தை கெட்டவள் என்று காட்ட 155-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு எதிரிக்கு வழிவிட்டது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது நீங்கியது.

உச்ச நீதிமன்றம் 1951-லேயே ராமேஸ்வர் வழக்கில் இதைத் தொட்டது. ராஜஸ்தானில் எட்டு வயதுக் குழந்தை. துணைச்சான்று கட்டாயமில்லை, அது விவேகத்துக்கான விதிதான் என்றார் நீதிபதி விவியன் போஸ். குழந்தை சில மணி நேரத்துக்குள் தாயிடம் சொன்னதே போதுமான துணைச்சான்று என்றும் ஏற்றார். எங்கள் வழக்கில் அந்தப் பெண் அன்றிரவே பாட்டியிடம் சொல்லியிருந்தாள். பாட்டியின் பெயர் சாட்சிப் பட்டியலிலேயே இல்லை.

1978-இல் அதே உச்ச நீதிமன்றம், தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் பாதிக்கப்பட்ட ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில், காயமில்லை என்பதைச் சுட்டி இரண்டு போலீஸ்காரர்களை விடுவித்தது. மறு வருஷம் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருஷம் பர்வாடா வழக்கில், துணைச்சான்று இல்லை என்பதற்காகவே அவள் சொல்லை ஒதுக்குவது பட்ட புண்ணில் அவமானத்தையும் சேர்ப்பது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ஊர்க் கூண்டுக்கு 1988-லும் அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை.

1996-இன் குர்மீத் சிங் வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் கடைசி பஸ் ஞாபகம் வந்தது. பஞ்சாபில் பரீட்சை எழுதிவிட்டு வந்த சிறுமியைக் காரில் தூக்கிப்போனார்கள். வந்தது ஃபியட்டா அம்பாசிடரா என்று அவளுக்குத் தெரியவில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்திருந்தது. கார் வகை தெரியாத கிராமத்துப் பெண் பொய்காரி ஆகிவிடுவாளா என்று அதைப் புரட்டிப்போட்டது உச்ச நீதிமன்றம்.

எதிரியின் பக்கத்தையும் நான் மறக்கவில்லை, அங்கிருந்து வந்தவள்தானே. 1981-இன் தூத்நாத் பாண்டே வழக்கு கொலை வழக்கு. எதிரி தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குச் சமமாக நடத்தவேண்டும் என்றது அது. அந்த இடத்தில் அவன் இருந்திருக்கவே முடியாது என்று காட்டினால்தான் அலிபி நிற்கும் என்றும் சொன்னது. அரசுத் தரப்பு முதலில் தன் வழக்கை நிறுவவேண்டும், அதன் பிறகே அலிபியின் முறை என்று 1996-இல் பினய் குமார் சிங் வழக்கு வரிசைப்படுத்தியது. 2012-இன் ராய் சந்தீப் வழக்கில் பெண்ணின் சாட்சியம் மாசற்றதாக இல்லையென்று எதிரிகளை விடுவித்தார்கள். அதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

டெல்லியில் 2012 டிசம்பர் 16 இரவு பேருந்தில் நடந்த கொடுமையிலும் அலிபி வந்தது. இருவர் பூங்காவில் பாட்டுக் கச்சேரியில் இருந்தார்களாம், ஒருவர் பீகாருக்கு ரயிலில் போய்விட்டாராம். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து சாட்சி சொன்னார்கள். எதிரே இருந்தது, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அந்தப் பெண் மூன்று முறை கொடுத்த வாக்குமூலம். கடைசி முறை பேச முடியாமல் சைகையாலும் எழுத்தாலும் சொன்னாள். டிஎன்ஏவும் பல் தடமும் அதற்குத் துணை நின்றன. 2017-இல் தண்டனையை உறுதிசெய்த மூவரில் ஒருவர் நம் ஊர் நீதிபதி ஆர். பானுமதி. 1997-இல் புதுக்கோட்டை அமர்வு நீதிபதியாக, பாலியல் வன்கொடுமை வழக்கில் சாமியார் பிரேமானந்தாவுக்குத் தண்டனை விதித்தவரும் அவரே.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் கல்கத்தா சென்னையாகவும் லாகூர் லடாக்காகவும் மாறியிருக்கின்றன. நான் பார்த்த அலிபிகளோ பெரும்பாலும் 10, 12 மைலுக்குள் அடங்கியவை.

அந்த மொய் நோட்டில் பெயர்தான் இருந்தது. 51 ரூபாயை யார் கையிலும் கொடுத்தனுப்பலாம். இதை அன்று கூண்டில் யாரும் கேட்கவில்லை. அந்த இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு ஊரைக் கடந்தது என்றும் யாரும் பஸ் டெப்போவில் விசாரிக்கவில்லை. இப்போது நான் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிறேன். அவர்கள் நேரத்தைப் பஸ்ஸாலோ பால்காரராலோ சொன்னால், அட்டவணையைத் தொடுவதில்லை. அன்றைய நடைப் பதிவைக் கேட்டு டெப்போவுக்கு மனுப் போடச் சொல்கிறேன், பால்காரரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன்.