சத்தியமங்கலம் மலைகளில் நியாயமான சந்தேகம்

பவானி ஆற்றங்கரையில் உள்ள சத்தியமங்கலம், கொங்குச் சமவெளி முடிந்து மைசூர் மேட்டுநிலம் தொடங்கும் எல்லையில் அமைந்திருப்பதால், அவ்வழியே செல்வோரை நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் அந்த ஊருக்குப் புதிதன்று. 1790-இல் திப்பு சுல்தானின் படை கெஜலட்டி கணவாய் வழியாக இறங்கி ஆங்கிலப் படையுடன் மோதியது இவ்விடத்தில்தான். இன்று அப்போக்குவரத்தை ஏற்றிருப்பது 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை. அதன் அடிவாரத்தில், பண்ணாரி அம்மன் கோயிலை ஒட்டிச் சோதனைச் சாவடி இருக்கிறது. யாரை நிறுத்தலாம், எந்தக் காரணத்தால் சோதிக்கலாம், எந்த இடத்தில் அச்சோதனை நின்றுவிட வேண்டும் என்ற கேள்விகளுக்கு இந்திய நாட்டின் சட்டம் தெளிவாகவே விடை எழுதி வைத்திருந்தும், அவ்விடை மலைமேல் ஏறாமல் போன வரலாறு இம்மலைகளுக்கு உண்டு.

‘நியாயமான சந்தேகம்’ என்பது காவல் அதிகாரியின் மனத்தில் தோன்றும் ஐயத்தைக் குறிக்கும் சொல் அன்று. குறிப்பிட்ட ஒரு மனிதர் குறிப்பிட்ட ஒரு குற்றத்தில் தொடர்புடையவர் என்று பிறரும் ஏற்கத்தக்க காரணத்தோடு எழும் ஐயமே அது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, சோதனை ஆணை இல்லாமல் ஒரு வீட்டைச் சோதிக்க விரும்பும் அதிகாரி, தம் நம்பிக்கைக்கான காரணத்தையும் தேடும் பொருளையும் முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும் என்றது. சோதனைக்கு அப்பகுதியைச் சேர்ந்த இருவரேனும் சாட்சியாக இருக்க வேண்டும் என்றும், பெண்ணைப் பெண்ணே கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும் என்றும் பிற பிரிவுகள் விதித்தன. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பே அளித்த உறுதி.

இவ்வரம்புகள் அரசின் பெருந்தன்மையால் வந்தவை அல்ல. வரி வசூலும் காவலும் தாசில்தாரின் ஒரே கையில் இருந்த காலத்தில், சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் பட்ட வதையை விசாரித்த ஆணையம் 1855-இல் தன் அறிக்கையை அளித்தது. விரல்களை மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, தலையைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ப் பெயர்களே ஆங்கில எழுத்தில் அவ்வறிக்கைக்குள் ஏறின. வதை எவ்வளவு அன்றாட வழக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதன் விளைவாக 1859-இல் மாகாணக் காவல்துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1861-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது. அடித்து வாங்கிய சொல்லுக்கு மதிப்பில்லை என்றால் அடிக்கும் தூண்டுதல் குறையும் என்பதே அதன் கருத்து.

அதே காலத்தில் காட்டின்மீது வேறொரு கண்காணிப்பு வளர்ந்தது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம், வனக் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் பொருளைக் கைப்பற்றும் அதிகாரத்தை வனத்துறைக்கும் அளித்தது. சந்தன மரம் அரசின் தனி உரிமையாகக் காக்கப்பட்டது. சத்தியமங்கலத்தில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்துவந்த சோளகர், ஊராளி முதலிய பழங்குடியினர், தாங்கள் பிறந்த காட்டிலேயே விளக்கம் சொல்லியாக வேண்டியவர்களாயினர்.

சந்தனத்தையும் தந்தத்தையும் கடத்திய வீரப்பன் இக்காட்டை மறைவிடமாக்கியபோது, அதற்கான விலையை அதிகாரிகளும் கொடுத்தனர் என்பதை மறைக்கக் கூடாது. 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார், 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். அதன்பின் வால்டர் தேவாரம் தலைமையில் தமிழகச் சிறப்பு அதிரடிப்படை அமைந்து, கர்நாடக அதிரடிப்படையோடு சேர்ந்து தேடுதலைத் தொடங்கியது. அப்போது நடைமுறையில் இருந்த தடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 15 நாள் காவலை 60 நாளாக நீட்டியது. 1855-ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாகக் கட்டப்பட்ட வேலி, 1987-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தால் பிடுங்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில், ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்கும் அதன் பிரிவு செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பாயினும் அது பிழையான தீர்ப்பு என்பதைச் சத்தியமங்கலம் மலைகளின் அனுபவமே காட்டிற்று.

மலையில் நடந்தது இதுதான்: சந்தேகம் மனிதரிடமிருந்து நகர்ந்து இடத்தின்மேல் படிந்தது. வீரப்பனுக்குச் சோறு கொடுத்தார், வழி காட்டினார், பார்த்தும் சொல்லாமல் இருந்தார் என்பவையே பெரும்பாலான குற்றச்சாட்டுகளாக இருந்தன. துப்பாக்கியோடு வருபவனுக்கு மறுப்புச் சொல்லும் வலிமை ஒரு தொட்டியில், அதாவது சோளகரின் சிற்றூரில், யாருக்கும் இருந்திருக்க முடியாது என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. ஆண்களும் பெண்களும் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாதேஸ்வரன் மலையில் இருந்த வதைக்கூடத்தை மக்கள் ‘ஒர்க் ஷாப்’ என்றே அழைத்தனர். உடலில் மின்சாரம் பாய்ச்சியதை அங்கிருந்து மீண்டவர்கள் விவரித்துள்ளனர். குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே சந்தேகத்துக்குரியதாக்கியது. 1952-இல் நாடு முழுவதும் ஒழிந்த அச்சட்டத்தின் மனப்பான்மை, இங்கே முகவரியைச் சந்தேகத்துக்குரியதாக்கி மீண்டும் வந்தது. வழக்கறிஞர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் (2004) இக்காலத்தையே களமாகக் கொண்டது.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி ஏ.ஜெ. சதாசிவா, மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன் ஆகியோரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். தடா கைதிகளில் பெரும்பாலோரை மைசூரு சிறப்பு நீதிமன்றம் 2001-இல் விடுவித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே அவர்களில் பலர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தனர்.

இதே சந்தனத் தேடுதலின் இன்னொரு முகம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் சோதனை என்ற பெயரில் நுழைந்து செய்த வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதி செய்தது. நீதி வர 31 ஆண்டுகள் ஆயின, ஆயினும் வந்தது. சத்தியமங்கலம் மலைகளுக்கு அந்த அளவும் வரவில்லை.

எழுதப்பட்ட வரம்பு ஏன் காக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளை ஏற்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இல் மாப் வழக்கில் விதித்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ 1973-இல் பூரண்மல் வழக்கில், சோதனை முறைகேடானது என்பதற்காகவே அதில் கிடைத்த சான்று தள்ளப்படாது என்றது. எனவே காரணத்தை எழுதாமல் வீடு புகுந்த அதிகாரிக்கு வழக்கில் இழப்பொன்றும் இல்லை. உடல்மீதும் மனத்தின்மீதும் நடத்தும் சோதனைகளில்தான் நீதிமன்றம் உறுதி காட்டியது: 2010-ஆம் ஆண்டுச் செல்வி வழக்கில், உண்மை கண்டறியும் மருந்துச் சோதனையையும் பொய் கண்டறியும் கருவிச் சோதனையையும் ஒருவரது இசைவின்றி நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபின், தமிழக அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாயும் பதவி உயர்வும் வீட்டு மனையும் உடனே அறிவிக்கப்பட்டன. வதைபட்டவர்களில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது 2007 ஜனவரியில்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்றும், அதிகாரி எழுதிய காரணத்தை 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்றும் கூறுகிறது. சோதனைக்குள்ளான வீட்டார் விண்ணப்பித்தால் அதன் நகலை நடுவர் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற பழைய உரிமையும் அதில் தொடர்கிறது. கடம்பூர், தாளவாடி, தலமலை ஊர்களில் சட்ட உதவி முகாம் நடத்துவோர் முதலில் சொல்லித் தர வேண்டியது இந்த உரிமையை; வீட்டில் சோதனை நடந்தவர்கள் அந்த நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.