ஊதும் காற்று, இழுபடும் காற்று

காற்றையே பேரிங்காக வைத்தால் எஃகுக் குண்டும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். இரு பரப்புகளுக்கு நடுவே சில மைக்ரான் தடிப்பில் காற்றுப் படலம் நின்றால் போதும். உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை. படலத்துக்கு அழுத்தம் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. கம்ப்ரசர் காற்றை நுண்துளைகள் வழியே ஊதலாம். அல்லது, வேகமாக ஓடும் பரப்பு தன்னோடு இழுத்துவரும் காற்றை, குறுகிக்கொண்டே போகும் இடைவெளியில் நெருக்கி அழுத்தம் எழுப்பலாம்.

இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தது ஐபிஎம். அதன் முதல் டிஸ்க் இயந்திரமான ரேமாக் 1956இல் வந்தது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, நிமிடத்துக்கு 1,200 சுற்று. தகவலை எழுதிப் படிக்கும் ஹெட் தட்டைத் தொடாதபடி கம்ப்ரசர் காற்று அதைத் தாங்கியது. ஹெட் கூடக் கூட ஊத வேண்டிய காற்றும் கூடும். ரேமாக்கிலோ ஐம்பது தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே கை, அதில் இரண்டே ஹெட். அந்தக் கை தட்டு தட்டாக ஏறி இறங்கித் தகவலைத் தேடியெடுக்கச் சராசரியாக 600 மில்லி வினாடி ஆனது.

1961இல் ஐபிஎம் அறிவித்த 1301 என்ற டிஸ்க் இயந்திரம், ஹெட்டுக்குக் காற்று ஊதுவதையே கைவிட்டது. சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றிலேயே ஹெட் மிதந்தது. ஆகவே பரப்புக்கு ஒரு ஹெட் வைக்க முடிந்தது; தேடும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ 20 மைக்ரானிலிருந்து 6 மைக்ரானாகச் சுருங்கியது. இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் அது சில நானோமீட்டர்தான்.

இதை வைத்து ஊதும் முறை பழசாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. இழுபடும் காற்றுக்கு ஓட்டம் வேண்டும். தட்டு நின்றால் படலமும் போயிற்று. அதனால்தான் ஹெட்டை ஒதுக்கி நிறுத்த ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. கிரானைட் மேடையில் பாகங்களை அளக்கும் இயந்திரத்தின் கை மெல்ல நகர்ந்து நின்று நின்று அளக்கிறது. அங்கே ஊதும் காற்றுதான் உதவும்: நிற்கும்போதும் மிதக்கும், நகரத் தொடங்கும்போதும் முரண்டு பிடிக்காது. சர்க்யூட் போர்டில் துளையிடும் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டினாலும் ஊதும் காற்றையே நம்புகின்றன. துளையிடும் ஊசியை மாற்ற அடிக்கடி நிறுத்த வேண்டுமே!

விமானக் கேபினுக்குக் குளிர்காற்று தரும் டர்பைன் கதை வேறு. ஓடத் தொடங்கினால் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன, தானாகவே அழுத்தம் எழுப்பும் பேரிங் பொருந்துகிறது. எண்ணெய் இல்லாததால் கேபின் காற்றில் எண்ணெய் கலக்கும் பயமும் இல்லை.

ஊதும் முறையின் உண்மையான பலவீனம் கம்ப்ரசரிலிருந்து வரும் ஈரமும் எண்ணெய்த் துளிகளும்தான். நுண்துளையை அவை அடைத்துவிடும். அளவை இயந்திரம் வாங்குவோர் காற்று உலர்த்தி, வடிகட்டி ஆகியவற்றின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.